பாலாற்று நிறத்தில் ஒரு கடல்

அத்தியாயம் பத்தொன்பது

"அப்ப அண்ணங்கிட்ட நீ இன்னும் சொல்லல."

"இந்தப் பாவாட காயவே மாட்டேங்குது பாரு. மூணு நாள் ஆச்சு."

"நான் இன்னா கேக்கறேன், நீ இன்னா சொல்ற?"

"காது கேக்குதுடி. கண்ணத் தொறந்ததும் அதேவா? மொதல்ல அந்த ஃபேன இந்தப் பக்கம் திருப்பு."

ஜோதி மேசை விசிறியைத் திருப்பினாள். ஜன்னல் கம்பியில் தொங்கிய நீலப் பாவாடை மெல்ல ஆடியது. அண்ணி மோகனா அதன் ஓரத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள்.

ஹாய்ஃபோங் நகரத்தின் மார்ச் மாதத்தில் மழையும் இல்லை, வெயிலும் இல்லை. மாவு சலித்ததுபோல ஒரு தூறல் காலையிலிருந்து மாலைவரை நின்றுகொண்டிருக்கும். தரை வியர்க்கும், சுவர் வியர்க்கும், அலமாரிக்குள் மடித்து வைத்த துணிகூட ஈரமாக இருக்கும். பிப்ரவரியில் முதல் தடவை தரை ஈரமானபோது, யாரோ தண்ணீரைக் கொட்டிவிட்டு ஒப்புக்கொள்ளாமல் இருக்கிறார்கள் என்று அறைத்தோழி கிறிஸ்டினா மூன்று நாள் எல்லோரையும் திட்டிக்கொண்டே துடைத்தாள். இந்த ஊருக்கு இது ஒரு பருவம் என்று பிறகுதான் தெரிந்தது.

திமிரியிலிருந்து அண்ணியும் நாத்தனாருமாக இங்கே வந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. ராணிப்பேட்டைப் பக்கம் புதிதாகத் திறக்கப்போகும் ஷூ கம்பெனி, வேலைக்கு எடுத்த பெண்களில் முப்பத்தெட்டுப் பேரைப் பயிற்சிக்காக வியட்நாமில் இருக்கும் தன் தொழிற்சாலைக்கு அனுப்பியிருந்தது. ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தது இவர்கள் மட்டும்தான். மோகனா தன் நான்கு வயது மகள் அமிர்தாவைக் கணவனிடமும் மாமியாரிடமும் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஜோதி விட்டுவிட்டு வருவதற்கு ஒன்றும் இல்லாமல் வந்திருந்தாள்.

ஊரில் ஜோதி அண்ணியை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவாள். இங்கே வந்த இரண்டாவது மாதத்தில் அந்த 'ங்க' எங்கேயோ உதிர்ந்துபோனது. இரண்டு பேரும் அதைப்பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

ஊருக்குத் திரும்ப இன்னும் பதினொரு நாள். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பயிற்சி மேற்பார்வையாளர் லான் ஒரு தாளைக் கதவில் ஒட்டினாள். முப்பத்தெட்டுப் பேரில் மூன்று பேர் மட்டும் இன்னும் மூன்று மாதம் இங்கே தங்கலாம். அவர்கள் பயிற்சியாளர்களாகத் தயாராகி ஊருக்கு வருவார்கள். புது கம்பெனியில் நாள் முழுக்க மிஷினுக்கு முன்னால் உட்காராமல், பயிற்சி அறையில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. ஆறு மாதத்தில் யார் அதிகம் தைத்தார்களோ அந்த வரிசைப்படி மூன்று பெயர்கள்.

மூன்றாவது பெயர் மோகனா. அதற்கு அடுத்து, கோட்டுக்குக் கீழே, நான்காவதாக ஜோதி.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மோகனா லானின் அறையில் கையெழுத்துப் போடவேண்டும். வேண்டாம் என்றால் அந்த இடம் நான்காவது பெயருக்குப் போகும்.

இதில் யாருக்கும் தெரியாத ஒன்று ஜோதிக்குத் தெரியும்.

முதல் மாதம் சோதனை மாதம். இலக்கை எட்டாதவர்களை அந்த மாதக் கடைசியிலேயே ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மோகனாவுக்கு அப்போது மிஷின் பிடிபடவில்லை. ராத்திரி அழுவாள், பகலில் கண் எரிகிறது என்பாள். தைத்த ஷூ மேல்பாகங்கள் பத்து ஜோடி சேர்ந்தால் ஒரு கட்டு. கட்டுக்கு ஒரு அட்டை. தைத்தவள் தன் எண்ணை அதில் எழுதிச் செருகவேண்டும். மோகனாவின் எண் இருபத்தாறு. பக்கத்து மிஷினில் ஜோதி இருபத்தேழு. அந்த மாதம் முழுக்க ஜோதி தன் கட்டுகளில் நாளுக்கு ஐந்தாறை எடுத்து அட்டையில் இருபத்தாறு என்று எழுதிவந்தாள்.

அண்ணிக்காகத்தான் செய்தாளா என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. அண்ணி போய்விட்டால் இந்த ஊரில் தனியாக இருக்கவேண்டுமே என்ற பயமும் இருந்தது. அடுத்த மாதத்திலிருந்து மோகனாவின் கை தானாகவே ஓடத் தொடங்கிவிட்டது. ஜோதி அட்டையில் தன் எண்ணுக்குத் திரும்பினாள். விஷயம் அதோடு முடிந்தது என்று வெள்ளிக்கிழமைவரை நினைத்திருந்தாள். அந்தக் கட்டுகளைக் கழித்தால் மூன்றாவது பெயர் அவளுடையதாக இருந்திருக்கும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அண்ணியிடம் சொல்லிவிடுவது என்று ராத்திரியே முடிவு செய்திருந்தாள். இந்த அறையில் வேண்டாம். கடற்கரையில்.

போன் அடித்தது.

மோகனா தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்துவைத்தாள். இங்கே எட்டரை. திமிரியில் ஏழு. திரையில் முதலில் ஒரு மூக்கு தெரிந்தது, பிறகு பால்பற்கள் தெரியும் வாய்.

"அம்மா, இன்னிக்கு கடலுக்குப் போறியா?"

"போறேன்டா. உனக்கு இன்னா வேணும்?"

"கடல்ல இன்னா இருக்கும்?"

"கிளிஞ்சல் இருக்கும்."

"அப்ப கிளிஞ்சல். பத்து. அத்தைக்கிட்ட சொல்லு, அத்தை எண்ணி எடுக்கும். நீ தப்பா எண்ணுவ."

"யார் சொன்னது?"

"அப்பா."

சூரியபிரகாஷின் சிரிப்பு கேட்டது. பிறகு திரை ஆடி அவன் முகம் வந்தது. கம்பெனி வேன் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமையிலும் சீக்கிரம் குளித்துவிடுவான். "இத பாரு. நேத்து பிரஸ்ல குடுத்தேன். மாதிரி வந்திருக்குது. தப்பு கிப்பு இருந்தா இப்பவே சொல்லு."

மஞ்சள் விளிம்பு வைத்த ஒரு தாள் திரையை மறைத்தது. காதணி விழா அழைப்பிதழ். அமிர்தாவுக்கு மூன்று வயதிலேயே காது குத்தியிருக்கவேண்டும். அம்மா வரட்டும் என்று தள்ளிப்போட்டு, மோகனா வந்திறங்கும் வாரத்தின் ஞாயிற்றுக்கிழமைக்குக் கோயிலில் பதிவு செய்திருந்தார்கள்.

"கிட்ட காட்டுங்க. எழுத்து தெரியல."

"இங்க பாரு. தங்கள் அன்புள்ள, சூரியபிரகாஷ், பக்கத்துல மோகனா. அதுக்குப் பக்கத்துல பிராக்கெட்ல இன்னா போட்டிருக்குது, படி."

மோகனா படித்தாள். "வியட்நாம்."

"எப்படி?"

"அதான் நான் அதுக்கு முன்னாடியே வந்துடுவேனே. எதுக்குங்க அது?"

"எங்க மாமா பையன் துபாய்க்கு ஆறு மாசம் போய்ட்டு வந்தான். அஞ்சு வருஷமா எல்லா பத்திரிகையிலயும் துபாய்னு போட்டுகினு இருக்கான். நமக்கு இன்னா கம்மி?"

"எம் பேர்ல இன்னாண்ணா போட்ட?" என்று ஜோதி எட்டிப் பார்த்தாள்.

"உனக்கு பி.எஸ்சி. இருக்குது இல்ல. அது போதும் உனக்கு."

பின்னாலிருந்து அம்மா ராஜம்மாளின் குரல் வந்தது. "ஜோதி, இன்னாடி கன்னம் ஒட்டிப்போச்சி? அங்க சோறு துன்றியா இல்லையா? மோகனா, அவள கொஞ்சம் பாத்துக்க."

"பாத்துக்கறேன் அத்தை."

"அண்ணி நல்லாத்தான் பாத்துக்கறாங்க" என்றாள் ஜோதி. அம்மாவின் காதுக்குப் போகிற வாக்கியங்களில் 'ங்க' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

"ஆலங்காயத்துல உங்கண்ணன்கிட்ட பேசிட்டேன்" என்று சூரியபிரகாஷ் மனைவியிடம் சொன்னான். "மாமன் மடி ரெடி. ஏர்போர்ட்டுக்குப் பதினோரு பேர் வர்றோம். வண்டி நம்ம வண்டி. அப்ப இத அடிக்கச் சொல்லிடட்டுமா? நாளைக்குக் காத்தால பத்து மணிக்குள்ள சொல்லணும்னான்."

மோகனா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எதிர்க்கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒரு கிழவர் குடையின் கீழ் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்.

"நாளைக்கு சொல்றேங்க."

"இதுல யோசிக்க இன்னா இருக்குது?"

"எழுத்துப் பிழ இருக்குதான்னு நல்லா பாத்து சொல்றேன். போட்டோ எடுத்து அனுப்புங்க."

போன் அணைந்தது. மோகனா பாவாடையைத் திருப்பிப் போட்டாள். மறுபக்கமும் ஈரமாகத்தான் இருந்தது.

*

கிறிஸ்டினா பாத்ரூமிலிருந்து வந்தபோது ஜோதி புளிசோற்றை மூன்று டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்து வந்த புளிக்காய்ச்சலின் கடைசி அது. பாட்டிலில் சோற்றைப் போட்டுக் குலுக்கி, ஒட்டியிருந்ததையும் எடுத்தாயிற்று.

"அண்ணியும் நாத்தனாரும் இன்னா, துக்க வீடு மாதிரி இருக்கீங்க?" என்றாள் கிறிஸ்டினா. ஆம்பூரில் எட்டு வருஷம் ஷூ கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவள். பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டுவிட்டாள். "மோகனா, உன் வூட்டுக்காரர்கிட்ட நான் பேசட்டுமா? ஒரே வார்த்த. ப்ரோ, உங்க வொய்ஃப் பேஜார் பண்றா, மூணு மாசம் நாங்களே வெச்சிக்கறோம்னு."

"நீ வாய மூடிகினு கெளம்பு."

தெருவில் இறங்கினார்கள். விடுதிக்கு எதிரே ஓர் இலவ மரம். இலை ஒன்றுகூட இல்லாமல் கிளை முழுக்கச் சிவப்பு. ஈரமான நடைபாதையில் தடித்த பூக்கள் கவிழ்ந்து கிடந்தன. மோகனா குனிந்து ஒன்றை எடுத்தாள்.

"ஆலங்காயத்துல எங்கூட்டுப் பின்னாடி மலையேறுற வழில இதான் நிக்கும். முள்ளிலவு. இதே மாசந்தான் பூக்கும்." பூவை மூக்கருகே கொண்டுபோனாள். "அங்க வாசன இல்ல. இங்கயும் இல்ல."

கிறிஸ்டினா அதை வாங்கிக் காதோரம் வைத்துப் படம் எடுத்துக்கொண்டாள்.

பேருந்து நிறுத்தம் சாலைக்கு அந்தப் பக்கம். நூற்றுக்கணக்கில் மோட்டார் சைக்கிள்கள், மழைக்கோட்டு போட்ட ஒரு ஆறுபோல வந்துகொண்டிருந்தன. இங்கே நின்று வழிகேட்டால் வழி கிடைக்காது. இறங்கி, ஒரே வேகத்தில், நிற்காமல் நடக்கவேண்டும். வண்டிகள் தாங்களாக விலகிப்போகும். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் அரைமணி நேரம் நின்றுவிட்டு அறைக்கே திரும்பிப் போனார்கள்.

இன்று மோகனா முதலில் இறங்கினாள். வலதுபக்கமோ இடதுபக்கமோ பார்க்கவில்லை. குடையை ஒரு தோளில் சாய்த்துக்கொண்டு, வயல் வரப்பில் நடப்பதுபோல நடந்தாள். ஆற்காடு பஸ் ஸ்டாண்டில் சாலையைக் கடக்கும்போது கணவனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும் அண்ணியை ஜோதி பார்த்திருக்கிறாள். அந்தப் பெண்ணையும் இந்தப் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் மோகனா எதிர்க்கரைக்குப் போய்விட்டாள்.

பேருந்தில் ஜோதி தன் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். பார்க்கவேண்டிய இடங்கள் என்று வந்த புதிதில் எழுதிய பட்டியல். மஞ்சள் சுவர் நாடக அரங்கம், டிக். பூக்கடை வரிசை, டிக். ஏரிக்கரைக் காப்பிக்கடை, அதற்கு எட்டு டிக். டோ சோன் கடற்கரை இன்றைக்கு. கடைசி வரியில், கப்பலில் போகும் தீவு. அதை இன்னும் பார்க்கவில்லை. அவசரப்படாமல் விட்டுவைத்திருந்தாள். நன்றாகத் தைத்தால் இன்னும் மூன்று மாதம் தங்கலாம் என்ற பேச்சு டிசம்பரிலேயே தையல் லைனில் அடிபட்டது. தான் நன்றாகத் தைப்பது அவளுக்குத் தெரியும்.

அந்த மூன்று மாதத்தில் அவள் பார்க்க நினைத்தது தீவை மட்டும் இல்லை. லான் வெள்ளைப் பலகையில் ஷூவைப் பிரித்துப் பிரித்து வரைந்து விளக்கும்போது, அந்தப் பலகைக்கு முன்னால் தான் நிற்பதாக ஜோதி பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். வேதியியல் படித்துவிட்டு இரண்டு வருஷம் வீட்டில் இருந்தவளுக்கு, கையில் மார்க்கர் பேனாவோடு நிற்கும் அந்த உருவம் ரொம்பப் பிடித்திருந்தது.

*

கடல் பழுப்பாக இருந்தது.

மூன்று பேரும் தடுப்புச்சுவர் ஓரம் வரிசையாக நின்று பார்த்தார்கள். அலை சின்னதாக வந்து, களைத்துப்போய்த் திரும்பியது. தூரத்தில் வானமும் தண்ணீரும் ஒரே சாம்பலில் கலந்திருந்தன. சீசன் இல்லாததால் ஓட்டல்கள் மூடிக்கிடந்தன.

"இதுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தோம்?" என்றாள் கிறிஸ்டினா. "பாலாத்துல தண்ணி வந்தா இப்படித்தான் இருக்கும்."

"பாலாத்துல தண்ணி பாத்திருக்கியா நீ?"

"பாத்தேனே. இருவத்தொன்னுல வெள்ளம் வந்தப்ப. பாலத்து மேல நின்னு ஊரே செல்ஃபி எடுத்துச்சி. அப்பால மறுபடியும் மணல்தான்."

மோகனா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படியில் இறங்கினாள். "நெறம் எப்படி இருந்தா இன்னா. கடல்தான."

சுவரோரம் ஒரு பெண் கரி அடுப்பில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தாள். ஜோதி போய் அவளுடைய பாஷையில் விலை கேட்டாள். அந்தப் பெண் வியந்துபோய் முதலில் ஜோதியின் வயதைக் கேட்டாள். இந்த ஊரில் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். வயது தெரிந்தால்தான் அக்கா என்றோ தங்கை என்றோ கூப்பிடமுடியும். பிறகு தண்ணீருக்கு அருகே நின்ற மோகனாவைக் காட்டி ஏதோ கேட்டாள். ஜோதி பதில் சொன்னதும் சிரித்து, ஒரு சின்னக் கிழங்கை இலவசமாகப் பொட்டலத்தில் சேர்த்தாள்.

"இன்னா சொன்ன?" என்று மோகனா கேட்டாள்.

"அக்காவான்னு கேட்டாங்க. இல்ல, அண்ணன் சம்சாரம்னு சொன்னேன்."

"அதுக்கு எதுக்கு ஒரு கெழங்கு?"

"தெரியல. அண்ணிகூட ஊர் சுத்த வந்திருக்கியான்னு ஆச்சரியம் போல. இவங்க பாஷையில அண்ணிக்குன்னு தனி வார்த்தையே இருக்குது."

"எனக்கு சொல்லிக்குடு."

ஜோதி சொல்லிக்கொடுத்தாள். மோகனா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். சூடான கிழங்கை இரண்டு கைக்கும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே மூன்றாவது தடவை சரியாகச் சொன்னாள்.

புளிசோறு தீர்ந்தது. கிறிஸ்டினா ஆம்பூரில் இருக்கும் தங்கைக்குக் கடலை வீடியோவில் காட்டிக்கொண்டே, நிறத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, தூரமாகப் போய்விட்டாள்.

ஜோதி கிளிஞ்சல் பொறுக்கினாள். பெரும்பாலும் உடைந்தவை. ஏழு கிடைத்தது. எட்டாவது ஒன்று ஈர மணலில் பாதி புதைந்து, விசிறி மாதிரி, முழுசாக இருந்தது. அதை அலம்பும்போது அண்ணி பக்கத்தில் வந்து நின்றாள். தண்ணீர் இரண்டு பேரின் கணுக்காலையும் தொட்டுவிட்டுப் போனது.

சொல்லிவிடலாம் என்று ஜோதி நினைத்தாள். ராத்திரி முழுக்க வாக்கியத்தை ஒழுங்கு செய்து வைத்திருந்தாள். கோபம் வராத மாதிரி, கொடுத்ததைக் கேட்கிற மாதிரி இல்லாமல்.

"அண்ணி, மொத மாசத்துல..."

"அந்தக் கட்டுங்களா?"

கையிலிருந்த கிளிஞ்சல் நழுவித் தண்ணீரில் விழுந்தது. மோகனா குனிந்து அதை எடுத்து, மணலைத் துடைத்து, ஜோதியின் பையில் போட்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"முப்பது கட்டு தச்சவளுக்கு முப்பத்தஞ்சுன்னு எழுதியிருந்தா தெரியாதா? நான் பத்தாவதுதான். எண்ணத் தெரியும். உங்கண்ணன் சொல்றத நம்பாத." அவள் லேசாகச் சிரிக்கப் பார்த்தாள். "ஒரு நாள் இருவத்தாறுன்னு போட்டிருந்த கட்டு ஒண்ணப் பிரிச்சுப் பாத்தேன். நூல் பிரியாம இருக்க, நீ முடிக்கும்போது ரெண்டு தையல் பின்னாடி போவ. நான் மூணு போவேன். எல்லாம் ரெண்டு ரெண்டா இருந்துச்சி."

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா நிறுத்தியிருப்ப. நிறுத்தியிருந்தா நான் நவம்பர்லயே வூட்டுக்குப் போயிருப்பேன்."

அலை வந்து போனது. தூறல் கொஞ்சம் வலுத்தது. குடை படியில் கிடந்தது. இரண்டு பேரும் எடுக்கப் போகவில்லை.

"போகணும்னுதான அப்ப அழுத?" என்றாள் ஜோதி.

"அழுதேன். மொத மாசம் பூரா அழுதேன். அப்பால ஒரு நாள் காத்தால எழுந்தேன். அமிர்தா ஞாபகம் வரல. மொதல்ல அந்த முக்கு டீக்கட ஞாபகம் வந்துச்சி. அந்தப் பொம்பள சின்ன ஸ்டூல எனக்காகத் தொடச்சி வெப்பாளே, அது. அன்னிக்குப் பயந்துட்டேன்." மோகனா பாதத்தால் மணலை அழுத்தினாள். பாதத்தைச் சுற்றி மணல் வெளுத்தது. "இருவது வயசுல உங்கூட்டுக்கு வந்தேன். உங்க வூட்ல யாரும் எனக்கு ஒரு கொறையும் வெக்கல. உங்கம்மா என்ன ஒரு வார்த்த சொன்னதில்ல. அதனால எனக்கு வேற எதுவும் வேணும்னு எனக்கே தெரியல ஜோதி. இங்க வந்துதான் தெரிஞ்சிது."

"அப்ப நீ இருக்கணும்னு நெனக்கிற."

"ஆமா."

அந்த 'ஆமா' இவ்வளவு சீக்கிரம் வரும் என்று ஜோதி எதிர்பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து, அண்ணி பிள்ளைக்காகத் தவிக்கிறாள், வேண்டாம் என்று சொல்லத்தான் வழிதேடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியிருந்த வாக்கியம் முழுக்க அந்த நினைப்பின் மேல் கட்டியது.

"அது என் எடம் அண்ணி" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

"தெரியும்."

"எனக்கும் இங்க இருக்கணும்."

"அதுவும் தெரியும். உன் நோட்டு கடைசிப் பக்கத்த தெனம் பாக்கறேனே. தீவுக்கு டிக் போடாம வெச்சிருக்க." மோகனா தோள்பையைத் திறந்து பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்த தாளை வெளியே எடுத்தாள். லான் கொடுத்த படிவம். பெயர், எண், கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. கோடு காலியாக இருந்தது. "நாளைக்கு எட்டு மணிக்கு லான்கிட்ட போயி, அந்தக் கட்டெல்லாம் இருவத்தேழோடதுன்னு நான் சொல்லிடுவேன். நீ சொல்லுன்னா சொல்லிடுவேன். உம் மேல சத்தியமா."

ஜோதி தாளையே பார்த்தாள். உறையின் மேல் தூறல் முத்து முத்தாக உட்கார்ந்தது.

"சொன்னா நீ இருப்ப. நான் பதினோரு நாள்ல போயி, காது குத்து முடிச்சி, லைன்ல உக்காருவேன். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல. உங்கண்ணனுக்கு சந்தோசம். பிரஸ்காரனுக்குகூட சந்தோசம்."

"அப்ப சொல்லிடேன்."

"சொல்லலாம்." மோகனாவின் உதடு கிழங்கின் கரி பட்டுக் கறுத்திருந்தது. "நீ பி.எஸ்சி. இப்ப இல்லன்னா அடுத்த பேட்ச்ல உன்ன எடுப்பாங்க. அதுவும் இல்லன்னா வேற ஒண்ணு வரும். உனக்கு முன்னாடி இன்னும் நாலு கதவு இருக்குது. எனக்கு இது ஒண்டிதான். அதுகூட நீ தொறந்து வுட்டது."

படிக்கு மேலே சாலையில் பேருந்தின் ஹாரன் கேட்டது. இதை விட்டால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான்.

"வண்டி வந்துடுச்சி" என்று கிறிஸ்டினா சுவர் மேலிருந்து கத்தினாள். "அண்ணியும் நாத்தனாரும் கடலோட பேசினது போதும். வாங்க."

ஜோதி திரும்பிப் படியைப் பார்த்தாள். மோகனா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மிஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து விரல் நுனிகள் காய்த்திருந்தன. ஜோதியின் விரல்களும் அதே இடங்களில் காய்த்திருந்தன.

"அமிர்தாவுக்குக் காது குத்தும்போது கைய ஆட்டாம யாராவது புடிக்கணும். மாமன் மடில உக்காந்தாலும் கைய அம்மாதான் புடிப்பாங்க. நீ புடிச்சா அவ அழமாட்டா. நான் புடிக்கறதவிட நீ புடிச்சா நல்லா இருப்பா. மூணு மாசம் ராத்திரி உங்கூடப் படுக்கட்டும். இது அண்ணியா கேக்கல. அண்ணியா கேட்டா நீ மாட்டேன்னு சொல்லமாட்ட. அதனால நீ அத மறந்துடு. பக்கத்து மிஷின்ல உக்காந்த ஒருத்தி கேக்கறான்னு வெச்சிக்கோ."

"கெளம்பிடுவான்டி" என்றது கிறிஸ்டினாவின் குரல்.

பிளாஸ்டிக் உறை இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. அலை வந்து, இந்தத் தடவை முழங்கால்வரை நனைத்தது. பையில் எட்டுக் கிளிஞ்சல்கள் ஒன்றோடொன்று உரசின. அமிர்தா பத்து கேட்டிருந்தாள்.

"அந்தக் கட்டுங்கள எங்கிட்டயே வுட்டுடறியா, ஜோதி?"